பழைய காரில் மிதித்தால் ஒரு வினாடி திக்கல்: பிளக், ஃபில்டர் மாற்றியும் தீரவில்லை

#1 நீலவண்டி

வணக்கம். 23 வருடப் பழைய பெட்ரோல் கார். 1.6 லிட்டர், நாலு சிலிண்டர், இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர், முன்சக்கர டிரைவ். இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். ஓடியது 1,84,000 கி.மீ. அப்பா ஓட்டி எனக்கு வந்தது.

பிரச்சினை இதுதான். நின்று கிளம்பி, இரண்டாம் கியர் போட்டு மிதித்தால் வண்டி ஒரு வினாடி திக்குகிறது. நெற்றியில் யாரோ கை வைத்துத் தடுக்கிற மாதிரி ஒரு நிறுத்தம். அப்புறம் திடீரென்று விட்டுவிட்டு இழுக்கிறது. மெதுவாக மிதித்தால் ஒன்றும் தெரியாது. ஐடிலிங் சீராக இருக்கிறது. நியூட்ரலில் ரேஸ் பண்ணினால் 5000 வரை சுத்தமாக ஏறுகிறது. இன்ஜின் விளக்கு எரியவில்லை. காலையில் இன்ஜின் சூடாகும் வரை திக்கல் கொஞ்சம் நீளம்.

இதுவரை மாற்றியவை: நாலு பிளக், பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். மூன்றும் ஒரே நாளில். மாற்றியதும் ஒரு வாரம் அருமையாக ஓடியது, சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். எட்டாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. பட்டறையில் கேட்டால், "பெட்ரோல் பம்ப் மாற்றிப் பார்க்கலாம், அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர் மாற்றிப் பார்க்கலாம்" என்கிறார்கள். அந்தப் "பார்க்கலாம்"தான் பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

#2 அரைக்கிளட்ச்

முதலில் ஒன்று தெளிவாகட்டும். திக்கும் அந்த வினாடியில் ஆர்.பி.எம் முள் என்ன செய்கிறது? முள் விறுவிறுவென்று ஏறி, வண்டி மட்டும் நகராமல் இருந்தால் அது இன்ஜின் இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால் நான் தேவையில்லாமல் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது) மாற்றியவன்.

#3 நீலவண்டி

முள் ஏறவில்லை. 1800 பக்கத்தில் அப்படியே நிற்கிறது, சில சமயம் ஒரு முடி அளவு இறங்கிக்கூட வருகிறது. ஆக, கிளட்ச் இல்லை.

#4 தீப்பொறி

தம்பி, பிளக் மாற்றினேன் என்கிறீர்கள். பிளக்குக்கு வோல்டேஜ் கொண்டுபோகிற ஹைடென்ஷன் ஒயர் மாற்றினீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

நியூட்ரலில் சுத்தமாக ஏறுகிறது, சுமை வந்தால் திக்குகிறது என்றாலே என் கை முதலில் இக்னிஷனுக்குத்தான், அதாவது பொறி உண்டாக்குகிற பக்கத்துக்குத்தான் போகும். காரணம் எளிது. மிதிக்கும்போது சிலிண்டருக்குள் நிறையக் காற்று நுழைகிறது, அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்துக்கு நடுவே பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலிங்கில் 10,000 வோல்ட்டில் தாண்டிவிடுகிற பொறி, முழு மிதியில் அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும். ஒயரின் ரப்பரில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால், பொறிக்கு அதுதான் சுலபமான வழி. பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். சுமை இல்லாதபோது நல்ல பிள்ளையாக இருக்கும்.

சோதிக்கக் காசு வேண்டாம். இருட்டான இடத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். ஒயர்மேல் நீலமாகப் பூச்சி மினுங்குகிற மாதிரி தெரிந்தால் முடிந்தது. தெரியாவிட்டால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பனி மாதிரி லேசாகத் தூவுங்கள். கை ஒயர்மேல் படக்கூடாது. அப்புறம் இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு ஒயரையும் கழற்றி ஓம் அளந்து பாருங்கள். கார்பன் ஒயராக இருந்தால் நீளத்துக்குத் தக்கபடி சில ஆயிரம் ஓம் முதல் பத்துப் பதினைந்தாயிரம் வரை காட்டலாம். நாலும் ஏறக்குறைய ஒரே கணக்கில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் முடிவில்லாமல் ஏறினால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

பிளக் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். "கடையிலிருந்து வரும்போதே சரியாகத்தான் வரும்" என்பது பாதிப் பொய். பெட்டி கீழே விழுந்தாலே ஒன்று மூடிக்கொள்ளும்.

#5 மின்னோட்டம்

தீப்பொறி அண்ணன் சொல்கிற இருட்டுச் சோதனை நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும்: திக்கும் அந்த வினாடியில் இன்ஜினுக்குள் பெட்ரோல் குறைவா, அதிகமா? அதாவது லீனா, ரிச்சா? அது தெரியாமல் பம்ப் மாற்றுவதும் இன்ஜெக்டர் மாற்றுவதும் ஜுரம் பார்க்காமல் மாத்திரை தருகிற மாதிரி.

உங்கள் வண்டியில் டாஷ்போர்டுக்கு அடியில் 16 முள் சாக்கெட் இருக்கிறதா? அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான ஓபிடி இணைப்பு அது. மற்ற இடங்களில் ஆண்டு மாறும். இருந்தால் சாதாரண புளூடூத் ஸ்கேனரே போதும். கோடு (பழுதுக் குறியீடு) படிக்க மட்டும் அதைப் பயன்படுத்துவது பாதிக் கருவியை வீணடிப்பது. ஓடும்போது வரும் எண்களைப் பதிவு செய்யுங்கள். எனக்கு வேண்டியவை:

ஐடிலிங்கிலும் 2500 ஆர்.பி.எம்மிலும் ஃபியூயல் ட்ரிம் (இன்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்), குறுகிய காலம், நீண்ட காலம் இரண்டும்.
முன் ஆக்சிஜன் சென்சார் வோல்டேஜ், திக்கும் வினாடியில்.
எம்ஏஎஃப் சென்சார் (இன்ஜினுக்குள் போகிற காற்றை அளப்பது) காட்டும் காற்றளவு, ஐடிலிங்கில் ஒன்று, இரண்டாம் கியரில் முழுக்க மிதித்து 5500 தொடும்போது ஒன்று.
கூலன்ட் வெப்பநிலை, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் சாவியை மட்டும் போட்டு.

ஓட்டிக்கொண்டே ஃபோனைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் யாரையாவது உட்கார வையுங்கள், அல்லது பதிவை வீட்டுக்கு வந்து பாருங்கள்.

#6 சைலன்சர்

யாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்கிற டப்பா) பற்றிப் பேசவில்லையே? 1,84,000 ஓடிய வண்டி. உள்ளே தேன்கூடு உருகி அடைத்திருந்தால் பிக்கப் போய்விடும். இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாய்) வாக்யூம் கேஜ் மாட்டி, 2500இல் நிறுத்திப் பிடியுங்கள். முள் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வெளியே போகிற வழி அடைப்பு.

#7 மின்னோட்டம்

சரியான சோதனைதான். ஆனால் அடைப்பு என்றால் மேலே போகப் போகத்தான் மூச்சு முட்டும். இவர் வண்டி நேரெதிர். முதல் வினாடி திக்கி, அப்புறம் நன்றாக இழுக்கிறது. அடைத்த மூக்கு ஒரு வினாடியில் திறந்துகொள்ளாது. வரிசையில் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

#8 கார்புவண்டி

இழையை மடைமாற்றுகிறேன் என்று திட்டாதீர்கள். எனக்கும் இதே வியாதி, ஆனால் என்னுடையது கார்புரேட்டர் வண்டி. சாக்கெட்டும் இல்லை, சென்சாரும் இல்லை. மிதித்த உடனே ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்து போகிறது. எனக்கு என்ன வழி?

#9 தீப்பொறி

உங்களுக்குத்தான் எல்லாரையும்விடச் சுலபம். கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் என்று ஒன்று உண்டு. த்ராட்டில் (மிதித்தால் காற்றுவழியைத் திறக்கிற தகடு) சட்டென்று திறக்கும்போது காற்று உடனே உள்ளே ஓடிவிடும். பெட்ரோல் கனமானது, கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு பீய்ச்சல் பெட்ரோலைத் தனியாகத் தள்ளுவதுதான் அந்தப் பம்பின் வேலை.

இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, மேலிருந்து தொண்டைக்குள் பாருங்கள். த்ராட்டில் கம்பியைக் கையால் இழுங்கள். இழுத்த அதே கணத்தில் ஊசி மாதிரி ஒரு கோடாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ, தாமதமாக வந்தாலோ, வராமலே போனாலோ பம்பின் ரப்பர் சவ்வான டயாபிரம் கிழிந்திருக்கிறது, அல்லது ஜெட் அடைத்திருக்கிறது. பக்கத்தில் சிகரெட்டு கிகரெட்டு எதுவும் வேண்டாம்.

அது நன்றாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்யூம் அட்வான்ஸ் (பொறி விழுகிற நேரத்தை முன்தள்ளுவது). அதன் ரப்பர் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிடிப்பு நின்றால் நல்லது. காற்று கசிந்து வந்தால் அதன் டயாபிரமும் போயிற்று.

#10 நீலவண்டி

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும். சாக்கெட் இருக்கிறது. தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதிவு பண்ணினோம்.

இருட்டுச் சோதனை: ஒரு மினுக்கமும் இல்லை, தண்ணீர் தூவியும் இல்லை. ஒயர் நாலும் 6,000 முதல் 9,000 ஓமுக்குள், நீளத்துக்குத் தக்கபடி. பிளக் இடைவெளி நாலும் கையேட்டில் சொன்னபடி 1.1 மி.மீ.

ட்ரிம்: ஐடிலிங்கில் குறுகியது +2, நீண்டது +5. 2500இல் நிறுத்தி வைத்தாலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ரோட்டில் பாதி மிதி மிதித்தவுடன் குறுகியது +18 வரை தாவுகிறது.
ஆக்சிஜன் சென்சார்: சாதாரணமாக 0.1க்கும் 0.9க்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கிறது. திக்கும்போது மட்டும் 0.1இல் ஒட்டிக்கொண்டு ஒரு வினாடிக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை.
எம்ஏஎஃப்: ஐடிலிங்கில் வினாடிக்கு 2.4 கிராம். முழு மிதி 5500இல் 58.
கூலன்ட்: காலையில் 21 டிகிரி, வெளிக்காற்றும் அதேதான்.

கோடு எதுவும் இல்லை.

#11 மின்னோட்டம்

அழகான பதிவு. இப்போது பேசலாம்.

கூலன்ட் சென்சார் உண்மை சொல்கிறது, அதை விடுங்கள். 0.1 வோல்ட்டில் ஒட்டிக்கொள்வது என்றால் லீன், வெளியே போகிற புகையில் ஆக்சிஜன் மிச்சம். அதைப் பார்த்து இசியு (இன்ஜின் கணினி) "இன்னும் பெட்ரோல் கொடு" என்று 18 சதவீதம் கூட்டுகிறது. அது எட்டிப் பிடிக்க ஆகிற நேரம்தான் உங்கள் ஒரு வினாடி. காலையில் நீளமாக இருப்பதற்கும் விடை கிடைத்துவிட்டது: இன்ஜின் சூடாகும் வரை இசியு ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை, அதனால் திருத்தமும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். பொறி விட்டுப் போனாலும் இதே 0.1தான் காட்டும். எரியாத கலவையில் பெட்ரோலோடு ஆக்சிஜனும் அப்படியே வெளியே வருகிறது. சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும். எனவே "லீன்" என்று சென்சார் சொன்னால் "லீன் அல்லது மிஸ்" என்று படிக்க வேண்டும். இந்த எண்ணை வைத்து உறுதியாக விலக்க முடிவது ரிச்சை மட்டும்தான். சொட்டுகிற இன்ஜெக்டர் கதை இல்லை.

58 கிராம் எனக்கு இடிக்கிறது. 1.6 லிட்டர் இன்ஜின் 5500இல் நாலு வீச்சுக்கு ஒருமுறை காற்றை நிரப்புகிறது. கணக்குப் போட்டால் வினாடிக்கு 70 முதல் 75 கிராம் வர வேண்டும். இரண்டில் ஒன்று: எம்ஏஎஃப் கம்பி அழுக்காகிக் குறைத்துச் சொல்கிறது, அல்லது கொஞ்சம் காற்று அதைத் தொடாமலே வேறு வழியாக உள்ளே போகிறது. ஐடிலிங்கில் 2.4 சரியாக இருப்பதால் குழப்பம்.

பம்ப் மாற்றச் சொன்னார்களே, அதை அளந்து முடித்துவிடுவோம். ஃபியூயல் பிரஷர் கேஜ் இரவல் கிடைக்குமா? மாட்டுவதற்கு முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜினை அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். உங்கள் மாதிரி அமைப்பில் ஐடிலிங்கில் சுமார் 2.5 பார், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரின் வாக்யூம் குழாயைக் கழற்றினால் 3 பார் வரும். முக்கியம் என்னவென்றால் மிதிக்கும்போது 3லேயே நிற்கிறதா என்பது. இறங்கினால் பம்ப் அல்லது வழியில் அடைப்பு. கழற்றிய குழாயை மோந்தும் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் டயாபிரம் கிழிந்திருக்கிறது.

#12 தீப்பொறி

ஒயர் தேறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். காயில் இன்னும் பாக்கி இருக்கிறது என்று என் மனசு சொல்கிறது. மனசு சொல்வதற்கு ஓம் மீட்டர் இல்லை, அதுதான் கஷ்டம். த்ராட்டில் பொசிஷன் சென்சாரையும் பார்த்துவிடுங்கள். முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் நல்லது. மூடியிருக்கும்போது அரை வோல்ட், மெல்லத் திறந்தால் நாலரை பக்கம் போக வேண்டும். நடுவில் எங்காவது முள் துள்ளினால் அந்த இடத்தில் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் அடிக்கடி மிதிபடுகிற முதல் கால் பங்கில்தான் தேயும்.

#13 நீலவண்டி

கேஜ் கிடைத்தது. நீளமான ஹோஸ் இருந்ததால் கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் செருகிக்கொண்டு ஓட்டினேன். ஐடிலிங் 2.5. குழாய் கழற்றினால் 3. மிதித்துத் திக்கும்போது முள் 3லேயே ஆடாமல் நிற்கிறது! குழாய் காய்ந்திருக்கிறது. பம்ப் தப்பியது.

த்ராட்டில் சென்சார் 0.5 முதல் 4.4 வரை வழுக்கிக்கொண்டு போகிறது, துள்ளல் இல்லை. எம்ஏஎஃப் கம்பியை அதற்கென்று விற்கிற ஸ்ப்ரேயில் கழுவினேன், விரல் படாமல். மாற்றம் இல்லை. கார்ப் கிளீனர் அடித்து ஏர் லீக் தேடினேன், மேனிஃபோல்டைச் சுற்றி, பிரேக் பூஸ்டர் குழாய், பி.சி.வி குழாய், எல்லாம். ஐடிலிங் அசையவே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது.

#14 மூன்றாம்கியர்

முதல் பதிவிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். மூன்று கேள்வி.

திக்கல் நாலாம் கியரிலும் வருகிறதா? அதாவது 50இல் போய்க்கொண்டே நாலில் முழுக்க மிதித்தால்?

ரிவர்ஸில், லேசான மேட்டில் பின்னால் ஏறும்போது திக்குகிறதா?

பிளக்கும் ஃபில்டரும் மாற்றிய அன்று ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கி வெளியே எடுத்தீர்களா?

#15 நீலவண்டி

விநோதமான கேள்விகள். இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் கியரிலும் இரண்டிலும் நன்றாகத் தெரிகிறது. மூன்றில் கொஞ்சம். நாலில் இல்லவே இல்லை. ரிவர்ஸில் மேடு ஏறினேன், வெண்ணெய் மாதிரி போகிறது. டப்பாவை ஆமாம், முழுக்கக் கழற்றித்தான் பிளக் எடுக்க முடிந்தது. அதற்கு என்ன?

#16 மூன்றாம்கியர்

அப்படியானால் இக்னிஷனை மறந்துவிடுங்கள். தீப்பொறி அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

பலவீனமான பொறி எங்கே மாட்டும்? குறைந்த ஆர்.பி.எம்மில், பெரிய கியரில், முழு மிதியில். அதாவது நாலாம் கியரில் மேடு. அங்கேதான் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகமாகவும் அதிக நேரமும் நிற்கும். உங்கள் வண்டி அங்கே நன்றாக ஓடுகிறது. பொறிக்கு வண்டி முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்பதும் தெரியாது. பெட்ரோல் பம்புக்கும் தெரியாது. அழுக்கான எம்ஏஎஃப் கம்பிக்கும் தெரியாது.

முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரிந்த பொருள் இன்ஜின் அறைக்குள் ஒன்றே ஒன்றுதான்: இன்ஜினே. குறுக்குவாட்டு இன்ஜின் முன்னால் இழுக்கும்போது அதன் தலை பின்பக்கம் சாயும். ரிவர்ஸில் முன்பக்கம் சாயும். எவ்வளவு சாயும் என்பது சக்கரத்துக்குப் போகிற முறுக்கைப் பொறுத்தது. முதல் கியரில் அதிகம், நாலில் கொஞ்சம். நியூட்ரலில் ரேஸ் பண்ணினால் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் திக்கல் அதே ஏணியில் இறங்குகிறது பாருங்கள்.

சரி, இன்ஜின் சாய்ந்தால் எது இழுபடும்? ஏர் ஃபில்டர் டப்பா பாடியில் திருகியிருக்கிறது. த்ராட்டில் பாடி இன்ஜினில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது மடிப்பு மடிப்பான ரப்பர் பெல்லோ. அதன் முகப்பில் எம்ஏஎஃப். பெல்லோவின் அடிப்பக்க மடிப்பில் கிழிசல் இருந்தால், இன்ஜின் பின்னால் சாயும்போது வாய் திறக்கும். எம்ஏஎஃப் பார்க்காத காற்று உள்ளே போகும். கால் எடுத்தால் மூடிக்கொள்ளும். அந்த ஒரு வாரக் குணமும் இதனால்தான் இருக்கும். டப்பாவைக் கழற்றி மாட்டும்போது பெல்லோ கொஞ்சம் திரும்பி வேறு நிலையில் உட்கார்ந்திருக்கும். நாள்பட்ட அதிர்வில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

கழற்றாமல் பார்க்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பெல்லோவும் புதுசுதான். கையில் எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு மடிப்பையும் அக்கார்டியன் மாதிரி விரித்துப் பாருங்கள்.

#17 அரைக்கிளட்ச்

நீலவண்டி, சீக்கிரம் போய்ப் பார்த்துவிட்டு வாங்க. எனக்குத் தூக்கம் வராது.

#18 நீலவண்டி

கிழிசல்தான்!!

இரண்டு கிளாம்ப், நாலு நிமிட வேலை. மேலே பளபளவென்று கறுப்பு, ஒரு கீறல் இல்லை. திருப்பினால் கீழே மூன்றாவது மடிப்பின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கோடு மாதிரி ஒரு அழுக்கு. துணியால் துடைத்தேன், கோடு போகவில்லை. இரண்டு கையாலும் இழுத்து விரித்தேன். உதடு பிரிகிற மாதிரி பிரிந்து, அதன் வழியாகத் தரையில் கிடந்த ஸ்பேனர் தெரிந்தது. விட்டால் மூடிக்கொள்கிறது, எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. சுற்றளவில் கால் பங்குக்கு மேல் இருக்கும், என் கட்டைவிரல் நகம் நுழைகிறது. ரப்பர் அந்த இடத்தில் ஓரமெல்லாம் காய்ந்து நொறுங்குகிறது.

இதை வைத்துக்கொண்டு பம்ப் மாற்றச் சொன்னார்கள். நானும் மாற்றியிருப்பேன், அதற்கும் டப்பாவைக் கழற்றியிருந்தால் ஒரு வாரம் நன்றாகக்கூட ஓடியிருக்கும்.

ஒரு சந்தேகம். கார்ப் கிளீனர் அடித்தபோது ஏன் பிடிபடவில்லை? இந்தப் பெல்லோமேலும் அடித்தேனே?

#19 மின்னோட்டம்

மூன்றாம்கியருக்கு ஒரு சலாம். எண்களோடு மல்லுக்கு நின்ற நான் இரண்டாம் கியர் என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஸ்ப்ரே விஷயம். முதல் காரணம், ஐடிலிங்கில் கிழிசல் மூடியிருந்தது. இரண்டாவது, திறந்திருந்தாலும் பெரிதாகப் பிடிபட்டிருக்காது. ஏர் லீக் இரண்டு சாதி. த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் இருக்கும் ஓட்டை ஐடிலிங்கில்தான் ஆட்டம் காட்டும். அங்கே வெற்றிடம் பலமாக இருக்கும், சீறும், ஸ்ப்ரேயை உறிஞ்சும், ட்ரிம் ஐடிலிங்கில் ஏறி 2500இல் இறங்கும். த்ராட்டிலுக்கு முன்னால், பெல்லோவில் இருக்கும் ஓட்டையில் அப்படி உறிஞ்சல் கிடையாது. கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம்தான். ஐடிலிங்கில் அந்தப் பக்கமாகப் போகிற காற்றே வினாடிக்கு இரண்டு கிராம், அதில் என்ன உறிஞ்சும். சீறலும் வராது.

இன்ஜின் விளக்கு எரியாததும் இதனால்தான். பி0171 என்கிற லீன் கோடு வர ட்ரிம் நெடுநேரம் எல்லையைத் தாண்டியே நிற்க வேண்டும். உங்களுடையது தாவித் தாவி இறங்கிவிடுகிறது, சராசரியில் மறைந்துபோகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு எல்லாரும் பெல்லோ வாங்க ஓடாமல் இருக்க. எம்ஏஎஃப் இல்லாமல் எம்ஏபி சென்சாரில் ஓடுகிற வண்டிகளும் நிறைய உண்டு. அது மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுகிறது. அந்த வண்டியில் பெல்லோ கிழிந்தால் தூசி போகும், சத்தம் வரும், ஆனால் இப்படித் திக்காது.

#20 சைலன்சர்

புதுப் பெல்லோ வரும் வரை டேப் சுற்றி ஓட்டலாமே?

#21 மூன்றாம்கியர்

நாலு நாளைக்கு ஓட்டலாம். எண்ணெயைத் துடைத்துவிட்டு, தன்மேல் தானே ஒட்டுகிற சிலிகோன் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் சூட்டில் பசை இளகி, ஒரு முனை உரிந்து உள்ளே போய் த்ராட்டிலில் மாட்டிக்கொண்டால் அது வேறு கதை. கிழிசல் வழியாகப் போகிற காற்று ஃபில்டர் வழியாக வராமலே உள்ளே போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் நீலவண்டி, பெல்லோ மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ரப்பர் வயசாகிக் காய்ந்தது ஒரு பாதி. அதைக் கிழிக்கிற அளவுக்கு இன்ஜின் ஏன் ஆடியது? இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, ஃபுட் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை மெல்லத் தூக்கி இன்ஜின் கனக்கிற இடத்தில் ஒரு கணம் நிறுத்துங்கள். பார்க்கிறவர் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, சுவரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இன்ஜின் ஒரு விரல் கனம் அசைந்தால் சரி. நாலு விரல் எழுந்து உட்கார்ந்தால் கீழே இன்ஜின் சாய்வதைத் தடுக்கிற டார்க் ராட் மவுண்டிங்கின் ரப்பர் போய்விட்டது.

#22 நீலவண்டி

பத்து நாளுக்குப் பிறகு வருகிறேன்.

தம்பி பிரேக்கில் உட்கார்ந்தான், நான் பார்த்தேன். இன்ஜின் கண்ணுக்கு முன்னால் எழுந்து, "டொக்" என்று ஒரு சத்தத்தோடு இறங்கியது. அந்த டொக் இரண்டு வருடமாகக் கேட்கிறது, சஸ்பென்ஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழ் மவுண்டிங்கைக் கழற்றினால் நடு ரப்பர் வளையம் தனியாகக் கையோடு வந்தது.

மவுண்டிங்கும் பெல்லோவும் புதுசு. இப்போது முழு மிதி 5500இல் 72 கிராம். மிதிக்கும்போது ட்ரிம் +4ஐத் தாண்டவில்லை. இரண்டாம் கியரில் கால் வைத்தால் வைத்த இடத்திலேயே பிடிக்கிறது. ஓட்டிப் பார்க்க ஒரு காரணமும் இல்லாமல் மூன்று முறை வெளியே போய்வந்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், காலையில் முதல் ஒரு நிமிடம் மிக லேசான ஒரு மந்தம் இன்னும் இருக்கிறது. முன்பு போல் தடுக்கவில்லை, ஆனால் இருக்கிறது.

#23 மின்னோட்டம்

அது வேறு ஆளாக இருக்கலாம். இந்த வயது இன்ஜினில் இன்டேக் வால்வின் முதுகில் கரி கனமாகப் படிந்திருக்கும். குளிர்ந்த நிலையில் இன்ஜெக்டர் பீய்ச்சுகிற பெட்ரோலில் கொஞ்சத்தை அந்தக் கரி பஞ்சு மாதிரி குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் உள்ளே விடும். சூடானதும் நின்றுவிடும். பெட்ரோலில் ஊற்றுகிற நல்ல கிளீனர் ஒன்றிரண்டு டேங்க் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் குறையலாம். குறையாவிட்டாலும் அதற்காக ஹெட்டைக் கழற்றாதீர்கள். ஒரு நிமிடம் நிதானமாக ஓட்டினால் போயிற்று.

#24 தீப்பொறி

கோபம் எல்லாம் இல்லை தம்பி. நாற்பது வருடமாக ஒயர் ஒயர் என்று சொல்லிப் பழகிவிட்டது. ரிவர்ஸ் போட்டுப் பார்க்கச் சொல்கிற புத்தி எனக்கு வரவில்லை. நேற்று பக்கத்து வீட்டு வண்டிக்கு அதைத்தான் முதலில் கேட்டேன். அதில் ஒயர்தான் போயிருந்தது.

#25 கார்புவண்டி

என்னையும் கொஞ்சம் கவனியுங்கள். தீப்பொறி சொன்னபடி தொண்டைக்குள் பார்த்தேன். கம்பியை இழுத்ததும் ஒன்றும் வரவில்லை. முழுக்க இழுத்துப் பிடித்த பிறகு, ஓரத்தில் இரண்டு சொட்டு. பம்பின் மூடியைத் திறந்தேன், நாலு திருகு. டயாபிரம் காய்ந்த வெற்றிலை மாதிரி இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளை தெரிகிறது. கார்புரேட்டரில் அச்சிட்ட எண் பாதி தேய்ந்துவிட்டது. முழு எண்ணை வேறு எங்காவது பார்க்க முடியுமா, இல்லை பழையதை அளந்துதான் தேட வேண்டுமா?